ஹைலக்ஸுக்கு 28,000 ரிங்கிட் செலவு செய்தேன், அதை விலையில் கேட்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். செம்பனைக் குலை ஏற்றும் குத்தகை வேலைக்காக 2012-ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் 2.5 பிக்அப் வண்டி ஒன்றை வாங்கி ஓட்டினேன். கடன் முடிந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் இன்ஜின் போய்விட்டதால், பட்டறைக்காரர் சொன்னபடி ஜப்பான் ஹாஃப்கட்டிலிருந்து (பாதியாக வெட்டி இறக்குமதி செய்யும் பழைய வண்டி) 3.0 இன்ஜினை எடுத்து மாற்றினேன். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், பெரிய டயர், ரிம், சேற்றில் சிக்கினால் இழுக்கும் வின்ச், எல்.இ.டி. லைட் எல்லாம் சேர்த்து 28,000 ரிங்கிட் ஆனது. சாதாரண வண்டி 45,000-க்குப் போகிறது என்று கேள்விப்பட்டு, செலவையும் சேர்த்து 73,000 கேட்டேன். பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் 65,000-க்குப் பேசி 3,000 முன்பணம் கொடுத்தார். "கிராண்ட்ல பிரச்சினை ஒண்ணும் இல்லையே அண்ணே?" என்று வண்டியின் பதிவுச் சான்றான கிராண்டைப் பற்றி வாட்ஸ்அப்பில் கேட்டார். "எல்லாம் கிளியர் தம்பி" என்று பதில் போட்டேன். பெயர் மாற்றத்துக்கான புஸ்பாகோம் வாகனச் சோதனையில் வண்டி தேறாமல் விழுந்துவிட்டது. இப்போது முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். நான் கொடுக்க வேண்டுமா? வண்டிக்கு என்ன விலை வைப்பது? விலையைக் கூட்டி எழுதினால் பேங்க் கடனிலேயே முழுப் பணமும் வந்துவிடும் என்று ஒரு தரகர் சொல்கிறார். அது சரியா?

பதில்: முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இந்த வாரமே கொடுத்து, பெற்றுக்கொண்டதாக அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தரகர் சொன்ன வேலைக்கு மட்டும் போகாதீர்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

தனிப்பட்ட இருவருக்குள் கைமாறும் பழைய வாகனத்துக்கு இன்ன விலைதான் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, விலையை வாங்குபவரும் விற்பவருமே பேசி முடிவு செய்ய விடுகிறது. நீங்கள் 73,000 கேட்டதில் தவறில்லை, அவர் 65,000-க்கு இறக்கியதிலும் தவறில்லை. ஆனால் அதே சட்டத்தின் 15-ஆவது பிரிவு, விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்தியிருக்க வேண்டும் என்கிறது. நீங்கள் மாட்டிக்கொண்ட இடம் இதுதான்.

கிராண்டையும் கைவிளக்கையும் எடுத்துக்கொண்டு வண்டியிடம் போங்கள். கிராண்டில் உள்ள இன்ஜின் எண் 2கே.டி. என்று தொடங்கும், கொள்ளளவு 2,494 சிசி என்று இருக்கும். பானெட்டைத் திறந்து, பிளாக்கில் எண் அடித்திருக்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்துவிட்டுப் படியுங்கள். 3.0 இன்ஜின் என்றால் அங்கே 1கே.டி. என்றிருக்கும். அதன் கொள்ளளவு 2,982 சிசி. சோதனை அதிகாரிக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. வாகனப் பதிவில் உள்ள விவரம் மாறினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.க்குத் தெரிவித்து, சோதனை முடித்து, பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டியது உரிமையாளரின் கடமை. நீங்கள் அதைச் செய்யவில்லை. சாலை வரி கொள்ளளவை வைத்துக் கணக்கிடப்படுவதால், இத்தனை வருடமும் குறைந்த கொள்ளளவுக்கே வரி கட்டி வந்திருக்கிறீர்கள். எண் பொருந்தாத இன்ஜினைப் பார்த்தால் திருட்டுப் பொருளோ என்று போலீசுக்கும் சந்தேகம் வரும். பட்டறைக்காரரை நம்பித்தான் மாற்றினீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் கிராண்டில் இருப்பது உங்கள் பெயர்.

இந்த நிலையில் "எல்லாம் கிளியர் தம்பி" என்று எழுதியது உங்களுக்கு எதிரான சாட்சி. வாட்ஸ்அப் செய்திகளை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கும். இன்ஜின் மாறியது தெரிந்தே அப்படிச் சொன்னால் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி அது மோசடி. பதிவைத் திருத்த வேண்டும் என்பதே தெரியாமல் சொல்லியிருந்தாலும் 18-ஆவது பிரிவின்படி தவறான தகவல். இரண்டில் எதுவானாலும் ஒப்பந்தத்தை ரத்து செய்ய 19-ஆவது பிரிவு அவருக்கு உரிமை தருகிறது. அவரே பானெட்டைத் திறந்து பார்த்திருக்கலாமே என்று நீங்கள் வாதாடலாம். அதற்கும் அந்தப் பிரிவில் சிறிது இடமுண்டு. தெரிந்தே பொய் சொன்னவர் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள நீதிமன்றம் விடாது.

வாங்குபவர் காரணமில்லாமல் பின்வாங்கினால்தான் முன்பணத்தைப் பிடித்து வைப்பது பற்றிப் பேசலாம். இங்கே பெயர் மாற்றம் நின்றுபோனது உங்கள் வண்டியால். அவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவுக்குப் போனால் 5,000 ரிங்கிட் வரையிலான வழக்கை வக்கீல் இல்லாமலேயே நடத்தலாம், 3,000 அதற்குள் அடங்கிவிடுகிறது. பக்கத்துத் தோட்டத்துப் பையனோடு கோர்ட்டு வாசலில் நின்று, தோற்கப் போகும் வழக்கை நடத்தி உங்களுக்கு என்ன கிடைக்கப் போகிறது?

இனி விலை. 45,000-த்தோடு 28,000-த்தைக் கூட்டியது கணக்குப் பாடத்தில் சரி, சந்தையில் செல்லாது. நீங்கள் செலவழித்தது உங்கள் வேலைக்காக. வாங்குகிறவர் தனக்கு எது பயன்படுமோ அதற்கு மட்டும்தான் பணம் தருவார். நான் விலை வைப்பதென்றால் இப்படித்தான் வைப்பேன். அதே ஆண்டு, அதே ரகம், மாற்றம் செய்யாத வண்டி என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று உள்ளூர் வியாபாரிகள் இரண்டு மூன்று பேரிடம் விசாரிப்பேன். அவர்கள் கேட்கும் விலை வேறு, கடைசியில் கைக்கு வரும் விலை வேறு. கைக்கு வருவதைத்தான் அடிப்படையாக எடுக்க வேண்டும். அதிலிருந்து வண்டியைச் சட்டப்படி பெயர் மாற்றும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவைக் கழிப்பேன். வின்ச், ரிம், லைட் போன்ற கழற்றக்கூடிய சாமான்களுக்கு இரண்டாம் கை விலை மட்டும் கூட்டுவேன். லிஃப்ட் கிட்டுக்கும் பெரிய டயருக்கும் எதுவும் கூட்ட மாட்டேன். டயர் மட்காடுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதுவே சோதனையில் விழக் காரணமாகிவிடும். உண்மையில் சாமான்களைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டு, வண்டியைப் பழைய டயரோடும் ரிம்மோடும் விற்பதுதான் உங்களுக்கு லாபம். காட்டுவழி ஓட்டுகிற ஆட்கள் வின்ச்சைத் தேடி வந்து வாங்குவார்கள். பிள்ளைகளோடு ஈப்போவுக்குப் போய்வர வண்டி தேடுகிறவர் அதற்கு ஒரு காசுகூடத் தர மாட்டார்.

இன்ஜின் விஷயத்தில் அவசரப்பட்டு வேறொரு 2.5 இன்ஜினை வாங்கிப் பொருத்திவிடாதீர்கள். அதன் எண்ணும் கிராண்டோடு பொருந்தாது. பொருந்துவது உங்கள் பழைய பிளாக் ஒன்றுதான். அது இன்னும் பட்டறையில் கிடக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் 3.0 இன்ஜினையே முறைப்படி பதிவு செய்யும் வழி இருக்கிறது. அதற்குப் பட்டறையின் முறையான விற்பனை ரசீதும், ஹாஃப்கட்டை இறக்குமதி செய்ததற்கான பத்திரமும் வேண்டும். கையால் எழுதிய சீட்டு போதாது. பட்டறைக்காரர் கொடுக்க மறுத்தால் அவர் மீது உங்களுக்கு உரிமைக் கோரிக்கை உண்டு. தொழிலாக விற்றவர் என்பதால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கே போகலாம், அங்கே 50,000 ரிங்கிட் வரை கேட்க முடியும். ஆனால் காலவரம்பு தாண்டிவிட்டதா என்று பார்க்க வேண்டும். இருக்கும் ரசீதுகளோடு தாமதிக்காமல் என்னைப் போன்ற ஒரு வழக்கறிஞரையோ சட்ட உதவித் துறையையோ நேரில் பாருங்கள்.

தரகர் சொன்னதற்கு வருகிறேன். பழைய வாகனத்துக்கு வங்கி தன் மதிப்பீட்டை வைத்துத்தான் கடன் தரும், உங்கள் வின்ச்சுக்கும் ரிம்முக்கும் தராது. வாடகைக் கொள்முதல் சட்டம் 1967, 31-ஆவது பிரிவின்படி வாங்குபவர் விலையில் குறைந்தது 10 விழுக்காட்டை முன்பணமாகக் கட்ட வேண்டும். இதைத் தாண்டத்தான் 65,000-க்கு விற்ற வண்டியை 73,000 என்று பத்திரத்தில் எழுதச் சொல்கிறார்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது நீங்கள். வங்கியை ஏமாற்றிப் பணம் பெற்றதாக வழக்கு வந்தால் அது தண்டனைச் சட்டத்தின் 420-ஆவது பிரிவு. தண்டனை ஓராண்டுக்குக் குறையாமல் பத்தாண்டு வரை சிறை, அதோடு பிரம்படி, அபராதமும் உண்டு. கமிஷன் வாங்கிய தரகர் அன்றைக்கு உங்கள் பக்கத்தில் இருக்க மாட்டார். சாமான்களுக்குத் தனியாகப் பணம் வாங்க வேண்டுமென்றால் வாங்குங்கள், ஆனால் வண்டிக்கு இவ்வளவு, சாமானுக்கு இவ்வளவு என்று உண்மையாகப் பிரித்து எழுதுங்கள்.

வண்டி சோதனையில் தேறிய பிறகு மறுபடியும் அந்தத் தம்பியிடமே பேசிப் பாருங்கள். பணத்தை உடனே திருப்பிக் கொடுத்தவர் மீது நம்பிக்கை வரும். இந்த முறை ஒரு தாளில் எழுதுங்கள்: இன்ஜின் எப்போது, எங்கே மாற்றப்பட்டது, எந்தெந்த மாற்றம் வண்டியில் இருக்கிறது, எவை கழற்றப்பட்டன, இவற்றைப் பார்த்துத் தெரிந்துகொண்டே வாங்குகிறேன் என்று அவர் கையெழுத்து. "இருக்கும் நிலையில் விற்கப்படுகிறது" என்ற ஒரு வரியை மட்டும் எழுதிவிட்டுத் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையைச் சொல்லி விற்றவருக்கு அந்த வரி உதவும். மறைத்தவருக்கு உதவாது.

பெயர் மாறாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். வண்டி கைமாறிய ஏழு நாளுக்குள் ஜே.பி.ஜே.க்குத் தெரிவிக்க வேண்டும் என்று சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987-இன் 13-ஆவது பிரிவு சொல்கிறது. நம் ஊர்களில் "மெதுவா மாத்திக்கலாம் அண்ணே" என்று ஓட்டிப்போன வண்டிகளின் சம்மன்கள் மாதக்கணக்கில் பழைய உரிமையாளர் வீட்டுக்கே வந்துகொண்டிருக்கின்றன. விபத்து நடந்தால் போலீசு முதலில் தட்டுவதும் அவர் கதவைத்தான். உங்கள் காப்புறுதியும் புது ஆளுக்குத் தானாகப் போகாது. ஜே.பி.ஜே.யில் இருவரும் கைரேகை வைத்துப் பெயர் மாறிய பிறகு, மீதிப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.