சிறிய பாய்மரப் படகில் கரை மின்சாரம் இணைப்பது எப்படி?

அமெரிக்க ஏரி ஒன்றில் நிற்கும் உங்கள் 25 அடிப் படகில் 12 வோல்ட் பேட்டரி மட்டும்தான் உண்டு. சார்ஜருக்கும் சின்ன ஹீட்டருக்கும் படகுத்துறையின் மின் இணைப்பிலிருந்து வீட்டு எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துவிட்டால் போதாதா என்று கேட்கிறீர்கள். போதாது.

முறையான வழி இதுதான்: வெளியே 30 ஆம்பியர், 120 வோல்ட் இன்லெட், அதாவது கரையிலிருந்து வரும் கேபிளைச் செருகும் இடம். அதிலிருந்து வயர் நீளம் 10 அடிக்குள் இரட்டை முனை மெயின் பிரேக்கர், அதாவது லைன், நியூட்ரல் இரண்டையும் சேர்த்தே துண்டிப்பது. அது 30 மில்லியாம்பியர் கசிவிலேயே விழும் ரகமாக இருக்கட்டும். அப்புறம் சார்ஜர், ஒன்றிரண்டு பிளக் பாயிண்ட். வயர் ஈயம் பூசிய பல இழைச் செம்பு. வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி வயர் படகின் அதிர்வில் நாளடைவில் முறிந்துவிடும்.

பலர் சொதப்புவது எர்த்தில்தான். எர்த்தான பச்சை வயர் உங்கள் படகையும் பக்கத்துப் படகுகளையும் இணைத்துவிடுவதால், தண்ணீரோடு சேர்ந்து எல்லாமே ஒரு பேட்டரியாகி உங்கள் அனோடு, அதாவது மற்ற உலோகப் பாகங்களைக் காக்கத் தான் அரிபடும் உலோகத் துண்டு, கரையும். அதற்காகப் பச்சை வயரை வெட்டிவிடாதீர்கள், அந்தச் சிறு அரிப்பு மின்னோட்டத்தைத் தடுத்து, பழுது மின்சாரத்தை மட்டும் எர்த் வழியே விடும் கால்வானிக் ஐசொலேட்டர் போடுங்கள். வெட்டினால், பழுதாகும்போது மின்சாரம் தண்ணீர் வழியே கரைக்குத் திரும்பப் பார்க்கும். நன்னீரைவிட மனித உடல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால், அருகில் நீந்துபவர் தசை இறுகி மூழ்கிவிடலாம். நியூட்ரலையும் எர்த்தையும் படகுக்குள் சேர்க்கவும் கூடாது. அந்த இணைப்பு கரையில் மட்டும்தான்.

12 வோல்ட் பக்கம் எளிது: பேட்டரி பாசிட்டிவிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ், பிறகு ஸ்விட்ச், பேனல். 120 வோல்ட் வேலையை முடித்ததும், பிளக்கைச் செருகும் முன் படகு வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.