தேள் மந்திரம் யாருக்குப் போகும்?

கேள்வி: மூன்று வருடமாக ஒரு மாயக் குடும்பத்தைப் பற்றி நாவல் எழுதுகிறேன். ஐந்து தலைமுறைக் கதை. ஒருவர் சொன்னால் நெருப்பு அடங்கும், ஒருவர் பறவைகளோடு பேசுவார், கடைசிப் பேத்திக்கு எல்லாச் சக்தியும் உண்டு. 380 பக்கம் ஆகிவிட்டது. படித்த தோழி, “பிரமாதம்தான், ஆனா தூக்கம் வருது” என்கிறாள். அம்மா ஒரே ஓர் அத்தியாயம் படித்தார். தாத்தா தேள்கடிக்கு மந்திரிக்கிற அத்தியாயம் அது. எங்கள் தாத்தா நிஜமாகவே மந்திரித்தவர். அந்த மந்திரம் மாமாவுக்குப் போனது, அம்மாவுக்குச் சொல்லித்தரவில்லை. “இதையெல்லாமா எழுதுவ?” என்று நோட்டை மூடி வைத்தவர் இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த அத்தியாயத்தை எடுத்துவிடட்டுமா?
– ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்: எடுக்காதீர்கள். மற்ற 360 பக்கத்தை வேண்டுமானால் எடுங்கள்.

கோபம் வேண்டாம். நீங்கள் அனுப்பிய இரண்டு அத்தியாயங்களையும் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். பேத்தி கையை நீட்ட மலையே பற்றி எரிகிற இடத்தில் நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போனேன். எல்லாம் முடிகிறவளுக்கு என்ன ஆகிவிடப்போகிறது? ஆனால் தாத்தா அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். நடு ராத்திரியில் வண்டி வந்து நிற்கிறது. திண்ணையில் ஓர் ஆளைப் படுக்க வைக்கிறார்கள். தாத்தா வேப்பங்குலையால் தோளிலிருந்து விரல் வரை இறக்கிக்கொண்டே இருக்கிறார். காசு வாங்கினால் பலிக்காது என்று வெற்றிலை பாக்கோடு அனுப்புகிறார். இதற்கெல்லாம் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பத்து வயது மகள் நிற்கிறாள். அவளுக்கு நீங்கள் ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். அந்த வரிதான் உங்கள் நாவல்.

இத்தனை ராத்திரி பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு அந்த உதடு அசைவது பாடமாகாமலா இருந்திருக்கும்?

மாயக் குடும்பக் கதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘யாருக்கு என்ன சக்தி’ என்று பட்டியல் போடுகிறார்கள். ‘யாருக்குப் போகிறது, யாருக்குப் போகவில்லை’ என்பதில்தான் கதை இருக்கிறது. சக்தியைச் சொத்து மாதிரி நினைத்துப் பாருங்கள். நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழியில் மனிதர் சம்பாதித்தது மகனுக்கு இல்லை, சகோதரி மகனுக்கு. அந்த ஒரு விதியால் வீடுகளில் நடந்த கூத்தை வைத்துக் கவிமணி ஒரு நூலே எழுதினார். தமிழ்நாட்டில் 1989-ல் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்தபோதுகூட, அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்கு அது இல்லை. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005-ல்தான் வந்தது. உங்கள் அம்மாவுக்குக் கல்யாணம் 1988-ல் என்று எழுதியிருக்கிறீர்கள். மந்திரமும் இல்லை, அந்தச் சட்டமும் ஒரு வருஷத்தில் தவறியது. இதை நீங்கள் கவனித்தீர்களா?

“பொண்ணு வேற வீட்டுக்குப் போறவ, தீட்டு உண்டு, மந்திரம் தங்காது” என்று தாத்தா சொல்லியிருப்பார். சரி, அது ஊர் விதி. ரத்தத்துக்கு வேறு விதி இருந்தால்? விக்டோரியா மகாராணி வம்சத்து ஹீமோஃபீலியா கதை தெரிந்திருக்கும்: அடிபட்டால் ரத்தம் உறையாத நோய். மகன் லியோபோல்ட் 1884-ல் அதனால் இறந்தார். மகள்கள் ஆலிஸ், பீட்ரிஸ் இருவரும் நோயாளிகள் இல்லை. ஆனாலும் அவர்கள் வழியாகத்தான் அது ரஷ்ய, ஸ்பானிய அரண்மனைகளுக்குப் போனது. அப்பாவிடமிருந்து மகனுக்கு அது போகாது. மகள் அதை வெளியே தெரியாமல் சுமந்துபோய்த் தன் மகனுக்குத் தரலாம்.

இந்த விதியை அப்படியே உங்கள் தாத்தா வீட்டில் வையுங்கள். மாமாவுக்குக் கிடைத்தது வெறும் வார்த்தை. அவர் கிரகணத்தன்று கழுத்தளவு தண்ணீரில் நின்று உரு ஏற்றுகிறார், பத்தியம் இருக்கிறார், ஒன்றும் பலிக்கவில்லை. வெளியே சொல்ல முடியுமா? சக்தியோ, வார்த்தை சொல்லித்தரப்படாத அக்காவின் உடம்பில் சும்மா கிடக்கிறது. அப்புறம் சொந்தத்தில்தான் பெண் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் ஏன் அடம்பிடிக்கிறார்கள் என்பதற்கும் உங்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

ஒரு டாக்டரும் வரட்டும். தேள்கடியில் பெரும்பாலானவை வலியோடு போய்விடும். மந்திரித்தவருக்குப் பெயர் வந்ததில் அதற்கும் பங்குண்டு. செந்தேள் அப்படியல்ல, குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற ஊரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், பிராசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்து 1980-களில் அந்தச் சாவுகளை வெகுவாகக் குறைத்தார். ஊர் ஆஸ்பத்திரிக்கு அந்த மாத்திரை வந்த பிறகு உங்கள் திண்ணைக்கு வண்டி வருவது நிற்கும். பரம்பரைச் சக்தி ஒரு மாத்திரையிடம் தோற்கிற நாளில் மாமா என்ன செய்வார்? (நிஜத்தில் யாரையாவது தேள் கொட்டினால் நீங்களும் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். நாவலாசிரியர் என்பதால் சலுகை கிடையாது.)

இனி அம்மா. குடும்ப ரகசியத்தை வெளியே போட்டதற்காக அவர் கோபப்படுகிறார் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளக்குப் பிடித்த பிள்ளையை ஒரே வரியில் கடந்துபோனீர்களே, தாத்தா செய்ததும் அதுதானே? நான் தப்பாகவும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். “எழுதட்டுமா?” என்று அனுமதி கேட்காதீர்கள், பதில் ‘வேண்டாம்’ என்றே வரும். விளக்கை எந்தக் கையில் பிடித்தீர்கள், தூக்கம் வந்தால் என்ன செய்வீர்கள், மாமா அப்போது எங்கே இருந்தார் என்று கேளுங்கள். காய் நறுக்கும்போது கேட்டால் நல்லது.

அவருக்கு மந்திரம் தெரிந்திருந்து, உங்களிடம் சொல்லியும்விட்டால், அதை மட்டும் அச்சில் போடாதீர்கள். வெளியே சொன்னால் பலிக்காது என்பது உங்கள் வீட்டு நம்பிக்கை. கதைக்கும் அந்த இடம் காலியாக இருப்பதே அழகு.

திருத்தி எழுதிய அத்தியாயத்தை அவரிடம் படிக்கக் கொடுக்க வேண்டாம், வாசித்துக் காட்டுங்கள். எந்த வரியில் நிறுத்தச் சொல்கிறாரோ, அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.