வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு, தற்கொலை எண்ணத்தைக் கண்டுகொள்ளப் பயிற்சி தர முடியுமா?

முடியும். ஹோம் நர்ஸ் வேலைக்கு வரும் பெண்களுக்கு எட்டு வருடமாக வகுப்பெடுக்கிறேன். பி.பி. பார்ப்பது, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, டயபர் மாற்றுவது எல்லாவற்றுக்கும் நாள்கணக்கில் நேரம் உண்டு. இதற்கு மட்டும் அரை மணி நேரம்தான் இருந்தது. சண்டை போட்டு ஒரு முழு நாளாக்கினேன்.

நம் ஊரில் வயதானவர்கள் சாவைப் பற்றிச் சாதாரணமாகவே பேசுவார்கள். “எமனுக்கு என் விலாசம் மறந்துபோச்சு”, “போய்ச் சேர்ந்தா நிம்மதி”. காபியில் சர்க்கரை குறைந்தால்கூட இதுதான். அதனால் வார்த்தையோடு மாற்றத்தையும் கவனிக்கச் சொல்வேன். எப்போதும் புலம்புகிறவர் சட்டென்று அமைதியாகிவிட்டாரா? சீரியல் நேரத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாரா? “உங்களுக்கெல்லாம் நான் பாரம்” என்று புதிதாகச் சொல்கிறாரா? மாத்திரையை விழுங்காமல் ஒதுக்கி வைக்கிறாரா? துணையை இழந்த பிறகும், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரங்களிலும் கண் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும்.

முதியோர் மனச்சோர்வை அறிய 15 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று பல நாடுகளில் புழங்குகிறது. ஆம், இல்லை என்று சொன்னால் போதும். நல்ல படிவம்தான், ஆனால் தற்கொலையைப் பற்றி அதில் நேரடிக் கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. அதை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்.

வகுப்பில் பாதி நாள் போவது இங்கேதான். ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருவரையொருவர் கேட்கச் சொல்வேன். முதல் சுற்றில் “அப்படியெல்லாம் எதுவும் நினைக்கலைதானேம்மா?” என்றுதான் வரும். இதற்கு “இல்லை” தவிர வேறென்ன பதில் சொல்ல முடியும்? “உயிரை விட்டுடலாம்னு தோணுதாம்மா?” என்று நேராகக் கேட்க நாலைந்து சுற்று ஆகும். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பயம். கிளப்பாது, ஆய்வுகளும் அதையே சொல்கின்றன.

“ஆமா” என்றால் தனியே விடக் கூடாது. மாத்திரை டப்பா பூட்டுக்குள் போக வேண்டும். “பையன்கிட்ட சொல்லிடாதே” என்று கெஞ்சினாலும், குடும்பத்திடமும் மருத்துவரிடமும் அன்றே சொல்லியாக வேண்டும். இளையவர்களைவிட முதியவர்களின் முயற்சி உயிரிழப்பில் முடிவது அதிகம், நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. 14416 (டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி சேவை) எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உயிருக்கு ஆபத்தென்றால் 108.

போன வருட பேட்ச்சில் ஒரு பெண். இடுப்பு ஆபரேஷன் முடிந்த பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் எமனைத் திட்டுகிற பாட்டி ஒரு வாரமாக வாயே திறக்கவில்லை என்று எனக்கு போன் செய்தாள். கேட்டுவிடு என்றேன். கேட்டதும் பாட்டிக்கு வந்ததே கோபம். “இதைக் கேக்கத்தான் உனக்குச் சம்பளமா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் தலைவாரிக்கொண்டிருந்தபோது அவரே பேச்சை எடுத்தார். ராத்திரிக்குள் மகள் வந்துவிட்டார், மறுநாள் மனநல மருத்துவரிடம் போனார்கள்.

ரெண்டு மாதம் கழித்து அவள் மறுபடி பேசினாள். “மேடம், இன்னைக்கு உப்புமாவுல உப்பு இல்லைன்னு எமனைக் கூப்பிட்டாங்க!”