நற்சாட்சிக் கடிதம் விசுவாசக் குறைவா?

கேள்வி: அண்மையில் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தேன். நான் முன்பு ஐக்கியம் கொண்டிருந்த சபையின் போதகர், இங்குள்ள சபைக்கு என்னைக் குறித்து நற்சாட்சிக் கடிதம் ஒன்று தந்திருக்கிறார். மனுஷரால் வரும் மகிமையைத் தேடலாகாது என்று ஆண்டவர் போதித்திருக்க, அதைக் கொடுக்க என் மனம் கூசுகிறது. கர்த்தர் என்னை அறிந்திருப்பது போதாதா?

பதில்: கர்த்தர் உங்களை அறிந்திருக்கிறார், அந்தச் சபையார் இன்னும் அறியவில்லை. கடிதம் எழுதப்பட்டது அவர்களுக்காகவே. யோவான் 5:44-ல் ஆண்டவர் கண்டித்தது, தேவனால் வரும் மகிமையை விட்டுவிட்டு ஒருவராலொருவர் மகிமையடைய விரும்புவதை. ஒரு சகோதரரை இன்னொரு சபையின் அன்பில் ஒப்படைப்பது அதனோடு சேராது.

ரோமர் 16-ஆம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களை நிதானமாக வாசித்துப் பாருங்கள். கொரிந்துவின் கிழக்குத் துறைமுகமாகிய கெங்கிரேயாவின் சபையில் ஊழியம் செய்த பெபேயாளை, தாம் அதுவரை போயிராத ரோமாபுரியின் விசுவாசிகளிடம் பவுல் ஒப்புவிக்கிறார். அந்த நிருபத்தைக் கொண்டுசென்றவரே அவர்தான் என்பது பலரின் கருத்து. அவர் அநேகருக்கும் தமக்குங்கூட ஆதரவாயிருந்தவர் என்று பவுல் சொல்லும்போது, தாம் பெற்ற உதவியை ஓர் அப்போஸ்தலரே வெளிப்படையாக ஒத்துக்கொள்கிறார். எனக்கு அந்த வசனத்தில் மிகவும் பிடித்த இடம் அது. ஒப்புவிக்கிறேன் என்பதற்கான கிரேக்கச் சொல்லுக்கு, சேர்த்து நிறுத்துதல் என்ற பொருளும் உண்டு. பரிந்துரைப்பவர் தம் பெயரையும் அவரோடு சேர்த்தே நிறுத்துகிறார்.

அப்படி நிறுத்துவதில் ஆபத்தும் இருந்தது. பவுலாகிய சவுல் எருசலேமுக்கு வந்தபோது, அவர் சீஷரென்று நம்பாமல் எல்லாரும் பயந்தார்கள்; பர்னபாவோ அவரை அப்போஸ்தலரிடத்தில் அழைத்துக்கொண்டுபோய், நடந்ததை விவரித்தார் (அப்போஸ்தலர் 9:26, 27). சபையை உபத்திரவப்படுத்தியவருக்காக, தன் நிலத்தை விற்றுச் சபைக்குக் கொடுத்திருந்த ஒருவர் தன் நற்பெயரையும் பணயம் வைத்தார். அந்த வரவேற்பு கிடைத்திராவிட்டால், மனந்திரும்பிய ஒருவர் எருசலேமின் சகோதரருக்குள் எவ்வளவு காலம் தனித்து நின்றிருப்பார்!

2 கொரிந்தியர் 3-ல் தமக்கு உபசார நிருபங்கள், அதாவது நற்சாட்சிக் கடிதங்கள், வேண்டுமோ என்று பவுல் கேட்டது, தாமே ஸ்தாபித்த, தம்மை நன்கறிந்த சபையினிடத்தில். நீங்களோ புதியவர். 3 யோவானில் வரும் தியோத்திரேப்பு சகோதரரை ஏற்றுக்கொள்ளாததோடு, ஏற்றுக்கொள்ள மனதாயிருந்தவர்களையும் தடுத்தான். அதே நிருபத்தில் யோவான் தேமேத்திரியு என்பவருக்காகச் சாட்சி சொல்கிறார்.

ஆகவே வரும் ஞாயிறன்றே கடிதத்தை அங்குள்ள போதகரிடமோ மூப்பரிடமோ கொடுங்கள். பெபேயாளுக்குத் தேவைப்படும் எந்தக் காரியத்திலும் உதவும்படியும் பவுல் கேட்டிருந்தார்; புதிய இடத்தில் உங்களுக்கு என்ன தேவை என்பதையும் தயங்காமல் அவர்களிடம் சொல்லுங்கள்.