இரண்டு முதலிடங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. எங்கள் விளையாட்டு விழாவில், எட்டாம் வகுப்புப் பெண்களுக்கான நூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டு பேர் ஒன்றாகக் கோட்டைத் தொட்டார்கள். கோட்டருகே நாங்கள் மூன்று ஆசிரியர்கள் நின்றோம். யார் முந்தியது என்று மூவராலும் சொல்ல முடியவில்லை. இருவருக்குமே முதல் பரிசு கொடுத்தேன், அடுத்து வந்தவளுக்கு இரண்டாம் பரிசு. ஒரு பெற்றோர் சண்டைக்கு வந்துவிட்டார். "ரெண்டு பேர் எப்படி முதலாவதா வர முடியும்? உங்களுக்குப் பார்க்கத் தெரியலை" என்றார். பனிச்சறுக்கு வீராங்கனை டீனா மாஸே ஒலிம்பிக்கிலேயே தங்கத்தைப் பகிர்ந்துகொண்டவர் என்று நீங்கள் ஒருமுறை எழுதியது நினைவுக்கு வந்தது. அங்கே ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியையும் அளக்கும் கருவி இருந்திருக்குமே, ஏன் அளக்கவில்லை? அந்தப் பாதித் தங்கத்தை முழு வெற்றி என்று சொல்லலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

2014 பிப்ரவரி 12, ரஷ்யாவின் சோச்சியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்கள் டவுன்ஹில், அதாவது ஒருவர் பின் ஒருவராக மலையிலிருந்து முழு வேகத்தில் சறுக்கி இறங்கும் போட்டி. சுவிட்சர்லாந்தின் டொமினிக் கீசின் எட்டாவதாக இறங்கி 1 நிமிடம் 41.57 நொடியில் முடித்தார். ஸ்லோவேனியாவின் டீனா மாஸே இறங்கியது 21ஆவதாக. அவருக்கும் அதே 1:41.57. ஒலிம்பிக் மலைச்சறுக்குப் போட்டிகளில் தங்கம் இருவருக்குப் போனது அதுவே முதல்முறை. தனி நாடான பிறகு ஸ்லோவேனியா குளிர்கால ஒலிம்பிக்கில் வென்ற முதல் தங்கமும் அதுதான்.

நீங்கள் நினைப்பது சரி, கருவியால் ஆயிரத்தில் ஒரு பங்கையும் அளக்க முடியும். ஆனால் நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வதுதான் விதி. அந்த விதி நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் கடக்கும் தூரம் மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. மேலே புறப்படும் இடத்தில் ஒரு சிறு தடி குறுக்கே நிற்கும். அதைக் கால் தள்ளும்போது கடிகாரம் ஓடத் தொடங்கும். கீழே ஒளிக்கற்றையை உடம்பின் எந்தப் பகுதி முதலில் வெட்டினாலும் நின்றுவிடும். நீட்டிய கையாக இருக்கலாம், முழங்காலாக இருக்கலாம். இதில் மூன்று சென்டிமீட்டருக்கு என்ன பொருள்?

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இவர்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடியவர்கள் இல்லை. கீசினுக்கும் மாஸேவுக்கும் நடுவே 12 வீராங்கனைகளின் முறை வந்துபோனது. அத்தனை பேரும் அதே பனியைக் கீறிக்கொண்டு இறங்கும் தடம் அது. அதற்குள் வெயில் ஏறும், காற்று மாறும். அப்புறம் மூன்று சென்டிமீட்டரை வைத்து யார் சிறந்தவர் என்று எப்படிச் சொல்வது?

நீச்சலில் இந்தப் பாடத்தை ஒருவரின் தங்கத்தை விலையாகக் கொடுத்துக் கற்றார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் நான்கு பாணிகளிலும் நீந்த வேண்டிய ஆண்கள் 400 மீட்டர் தனிநபர் மெட்லேயில் சுவீடனின் குன்னர் லார்சன் அமெரிக்காவின் டிம் மெக்கீயை ஆயிரத்தில் இரண்டு பங்கு நொடியில் வென்றதாக அறிவித்தார்கள். நீச்சல் குளத்தின் தடங்களையே அவ்வளவு துல்லியமாகச் சம நீளத்தில் கட்ட முடியாது என்பது பிறகுதான் உறைத்தது. நூறில் ஒரு பங்கோடு நிறுத்தும் விதி அதற்குப் பின் வந்தது. மெக்கீக்கு வெள்ளி வெள்ளியாகவே இருந்துவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

டீனா மாஸேவின் வாழ்க்கை முழுக்க இந்த நூறில் ஒரு பங்குகள் துரத்தியிருக்கின்றன. ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய மலைச் சிற்றூரான சர்னா நா கொரோஷ்கெமில் வளர்ந்தவர். 15 வயதில், 1999 ஜனவரியில், சொந்த நாட்டின் மாரிபோரில் முதல் உலகக் கோப்பைப் பந்தயத்தில் இறங்கினார். 2002 அக்டோபரில் ஆஸ்திரியாவின் ஸோல்டனில் முதல் வெற்றி. அதுவும் தனியாகக் கிடைக்கவில்லை, அன்று கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் ஜயன்ட் ஸ்லாலமில் முதலிடத்தில் மூன்று பேர்! 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் அதே ஜயன்ட் ஸ்லாலம் தங்கத்தை நூறில் நான்கு பங்கு நொடியில் ஜெர்மனியின் விக்டோரியா ரெபன்ஸ்பர்கிடம் இழந்தார். சோச்சியில் டவுன்ஹில் முடிந்து ஆறாம் நாள் ஜயன்ட் ஸ்லாலம் தங்கத்தைத் தனியாகவே வென்றார், நூறில் ஏழு பங்கு வித்தியாசத்தில். கண் இமைக்கும் நேரம் என்கிறோமே, அதற்குள் இந்த இரண்டு வித்தியாசங்களையும் சேர்த்து அடக்கிவிடலாம்.

பாதித் தங்கம் என்று சொல்கிறவர்கள் அதற்கு முந்தைய ஆண்டைப் பார்க்க வேண்டும். உலகக் கோப்பை ஒரு பருவம் முழுக்க நடக்கும் பல பந்தயங்களின் தொடர், ஒவ்வொரு பந்தயத்திலும் முதலிடம் வந்தால் 100 புள்ளி. ஆண்களில் ஹெர்மன் மையர் 1999-2000 பருவத்தில் எடுத்த 2000 புள்ளிகள்தான் அதுவரை உச்சம். மாஸே 2012-13இல் 2414 எடுத்தார். இன்றுவரை ஆணோ பெண்ணோ யாரும் அதைத் தாண்டவில்லை. அந்த ஆண்டு இரண்டாமிடம் வந்த மரியா ஹோஃபிள்-ரீஷ் எடுத்தது 1101, பாதிகூட இல்லை. 11 வெற்றிகள், 24 முறை முதல் மூன்று இடங்களுக்குள். டவுன்ஹில், சூப்பர் ஜி, ஜயன்ட் ஸ்லாலம், ஸ்லாலம், கம்பைன்ட் என்று மலைச்சறுக்கின் ஐந்து வகையிலும் ஒரே பருவத்தில் வென்றார். டவுன்ஹில்லுக்கு அசுர வேகத்தைத் தாங்கும் துணிச்சல் வேண்டும், ஸ்லாலமுக்கு நெருக்கமான கம்பங்களுக்கு நடுவே வெட்டி வெட்டித் திரும்பும் கால் வேண்டும். பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். இருபது லட்சம் பேர் கொண்ட நாடு, அதிலும் 2008இல் தேசிய அணியை விட்டு வெளியே வந்து, இத்தாலியப் பயிற்சியாளர் ஆண்ட்ரியா மாஸியோடு தனக்கென்று ஒரு சிறு குழு அமைத்துக்கொண்டு இதைச் செய்தார். எனக்கு இதுதான் அவருடைய உச்சம், ஒலிம்பிக் அல்ல.

சரி, உங்கள் பெண்களுக்கு வருகிறேன். ஓட்டம் வேறு, சறுக்கு வேறு. ஒன்றாகப் புறப்பட்டு ஒரே காற்றில் ஓடுகிறவர்களைப் புகைப்படம் வைத்துப் பிரிப்பது நியாயம்தான், பெரிய போட்டிகளில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பிரிக்கிறார்கள். உங்களிடம் இருந்தது மூன்று ஜோடிக் கண்கள். அவற்றால் பிரிக்க முடியாததைப் பிரித்ததாகச் சொல்லாமல் இருந்தீர்களே, அதற்காக உங்களை மதிக்கிறேன். அந்தப் பெற்றோரிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

ஒரே ஒரு திருத்தம். சோச்சியில் அன்று வெள்ளிப் பதக்கமே கொடுக்கவில்லை. மாஸேவும் கீசினும் கைகோத்தபடி மேடையேறினார்கள். நூறில் பத்துப் பங்கு நொடி பின்னால் வந்த லாரா குட்டுக்குக் கிடைத்தது வெண்கலம். முன்னால் இருவர் இருந்தால் அடுத்தவர் மூன்றாமவர்தான். ஆனால் உங்கள் மாணவியிடமிருந்து இரண்டாம் பரிசைத் திரும்ப வாங்கிவிடாதீர்கள். அடுத்த ஆண்டிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.