ஆலை மாமனாருடையது, ஆய்வு என்னுடையது

கேள்வி: நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியை. ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரைச் செலவு குறைவாகச் சுத்திகரிக்கும் முறை ஒன்றைப் பற்றி ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பவிருக்கிறேன். மாதிரிகளை எடுத்தது ஆத்தூர்ப் பக்கம் என் மாமனார் நடத்தும் ஆலையில். பரிசோதனைக் கட்டணத்தையும் அவரே கட்டினார். 'நலன் முரண் உண்டா?' என்று இதழின் படிவம் கேட்கிறது. கிடைத்த முடிவுகளை மாற்றாமல்தான் எழுதியிருக்கிறேன். 'இல்லை' என்று குறிப்பிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: குறிப்பிடக் கூடாது. நீங்கள் நேர்மையாக ஆய்வு செய்தீர்களா என்று அந்தப் படிவம் கேட்கவில்லை. உங்கள் முடிவைச் சாய்க்கக்கூடிய பணமோ உறவோ பக்கத்தில் இருந்ததா என்றுதான் கேட்கிறது. 'முரண்' என்ற சொல் குற்றச்சாட்டைப் போல ஒலிப்பதால்தான் பலரும் அந்த இடத்தில் அவசரமாக 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். மரவள்ளி விளைகிற ஊரில் ஆலைக்காரர் வீட்டு மருமகள் ஆய்வாளராக இருப்பது குற்றமல்லவே!

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும் என்பதற்கு ஒரு பழைய நிகழ்வு போதும். 1965-ல் அமெரிக்கச் சர்க்கரைத் தொழில் அமைப்பு ஒன்று ஹார்வர்டு ஆய்வாளர்களுக்கு 6,500 டாலர் கொடுத்து, இதயநோய் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கட்டுரை ஒன்றை எழுதச் செய்தது. சர்க்கரையின் பங்கைக் குறைத்தும் கொழுப்பின் பங்கை முன்னிறுத்தியும் எழுதப்பட்ட அந்தக் கட்டுரை 1967-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தது. பணம் யார் கொடுத்தது என்ற செய்தி அதில் இல்லை. அத்தகைய விவரத்தை அந்த இதழ் கேட்கத் தொடங்கியதே 1984-ல்தான் என்பதால், அன்று அவர்கள் மீறிய விதி என்று எதையும் சுட்ட முடியாது. ஆனாலும் 2016-ல் பழைய கடிதங்கள் வெளிச்சத்துக்கு வந்தபோது, கட்டுரையில் இருந்த சரியான வாதங்களையும் சேர்த்தே வாசகர்கள் சந்தேகிக்க நேர்ந்தது. மறைத்த உறவு பின்னால் தெரியவரும்போது நேர்மையான தரவுக்கும் இதே கதிதான்.

ஆகவே, கட்டணம் கட்டிய விவரத்தை 'நிதியுதவி' என்ற பகுதியிலும், உறவை 'நலன் முரண்' என்ற பகுதியிலும் தனித்தனியாக எழுதுங்கள். "மாதிரிகள் ஆசிரியரின் நெருங்கிய உறவினருக்குச் சொந்தமான ஆலையில் எடுக்கப்பட்டன; பரிசோதனைச் செலவை அந்த ஆலை ஏற்றது; ஆய்வின் வடிவமைப்பிலும் பகுப்பாய்விலும் வெளியிடும் முடிவிலும் ஆலைக்குப் பங்கில்லை" என்ற அளவில் எழுதி, ஆலையின் பெயரையும் குறித்தால் போதும். கடைசிப் பகுதியை உண்மையாக இருந்தால் மட்டுமே எழுதவேண்டும். "இந்த ஒரு அளவீட்டை மட்டும் விட்டுவிடம்மா" என்று மாமனார் எப்போதாவது சொல்லி நீங்களும் கேட்டிருந்தால், படிவத்தை மூடிவைத்துவிட்டுத் தரவை முதலில் சரிசெய்ய வேண்டும். உங்களோடு எழுதியவர்களும் தத்தம் நிலையைத் தனியே அறிவிக்க வேண்டும். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த படிவம், அந்த ஆய்வுக்கே கிடைத்த உதவிக்குக் கால வரம்பு வைக்காமல், பிற தொடர்புகளுக்கு முந்தைய 36 மாதங்களைக் கேட்கிறது. உங்கள் இதழின் கணக்கு வேறாக இருக்கலாம் என்பதால் அதன் வழிகாட்டியையும் படியுங்கள்.

என்னைக் கேட்டால், உறவில்லாத இன்னோர் ஆலையின் கழிவுநீரிலும் அதே முறையைச் சோதித்துவிட்டு அனுப்புங்கள் என்பேன். எந்த அறிவிப்பையும்விடக் கட்டுரைக்கு அது வலிமை தரும்.

கேள்வி: காப்பிச் செடியின் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பற்றிய கட்டுரை ஒன்று என்னிடம் மதிப்பாய்வுக்கு வந்துள்ளது. பெயர்களை மறைத்திருந்தாலும், எழுதியவர் என் முனைவர் பட்ட நெறியாளர் என்பது நடையிலேயே தெரிகிறது. நடுநிலையோடு பார்க்க என்னால் முடியும். பார்க்கலாமா?
- ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: உங்களால் முடியும் என்பதை நீங்களே முடிவுசெய்வதுதான் இங்குள்ள சிக்கல். எழுதியவர் தம் நலனைச் சொல்லிவிட்டால் எடைபோடுவது வாசகரின் வேலை. மதிப்பாய்வாளரின் அறிக்கையோ பெரும்பாலான இதழ்களில் வாசகர் கண்ணில் படுவதே இல்லை. எனவே தெரிவித்தால் மட்டும் போதாது, விலகவும் வேண்டும். இன்றே இதழாசிரியருக்கு, "எழுதியவர் யார் என்று ஊகிக்க முடிகிறது, அவர் என் நெறியாளராக இருந்தவர்" என்று இரண்டு வரி எழுதிக் கட்டுரையைத் திருப்பிவிடுங்கள். அந்தத் துறையில் ஆட்கள் குறைவு என்பதால் ஆசிரியர் உங்களையே தொடரச் சொன்னால், அது அவர் அறிந்து எடுத்த முடிவாகும். படித்தவரையில் கண்ட கருத்து எதையும் உங்கள் ஆய்வில் பயன்படுத்தக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் துறை நடத்தும் ஆய்விதழுக்கு நானே ஆசிரியர். என் கட்டுரையை அதில் வெளியிடலாமா?
- பேராசிரியர், ஓமலூர்

பதில்: எப்போதாவது ஒன்று என்றால் வெளியிடலாம். மதிப்பாய்வாளரைத் தேர்வது முதல் இறுதி முடிவு வரை வேறொரு ஆசிரியர் கவனிக்க வேண்டும். கோப்புகளைத் திறக்கும் வசதி அந்தக் கட்டுரைக்கு மட்டும் உங்களுக்கு இருக்கக் கூடாது. அப்படி நடந்தது என்ற குறிப்பும் கட்டுரையின் அடியில் அச்சாக வேண்டும். உங்களுக்குக் கீழே பணியாற்றும் இளையவர் ஒருவரை அந்த 'வேறொரு ஆசிரியர்' ஆக்கிவிடாதீர்கள். வெளிக் கல்லூரியிலிருந்து ஒருவரை அழையுங்கள்.