பெரிய விமான நிறுவனங்கள் தொடங்கும் மலிவுக் கட்டணக் கிளைகள் ஏன் நிலைப்பதில்லை?

பெயரும் வண்ணமும் மாறுகின்றன; செலவு மட்டும் மாறுவதில்லை. அமெரிக்காவின் மலிவுக் கட்டண நிறுவனமான சவுத்வெஸ்ட், போயிங் 737 என்ற ஒரே குடும்ப விமானங்களை வைத்துக்கொண்டு, தரையிறங்கியவற்றை விரைவாகத் திருப்பி அனுப்பியே வளர்ந்தது. அங்குள்ள பெரிய நிறுவனமான யுனைடெட் 2004-இல் தொடங்கிய ‘டெட்’ பிரிவிலோ விமானங்களும் விமானிகளும் தாய் நிறுவனத்துடையவர்கள்தாம். பிறகு செலவு எப்படிக் குறையும்? 2009-இல் அதை மூடிவிட்டார்கள். டெல்டாவின் ‘சாங்’ 2003 முதல் 2006 வரைதான் தாக்குப்பிடித்தது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. கிளை செழித்தால் தாய் நிறுவனத்தின் பயணிகளையே பறித்துவிடுமோ என்ற அச்சம் அது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1998-இல் தொடங்கிய ‘கோ’ நன்றாகவே வளர்ந்தது. ஆனாலும் 2001-இல் விற்றுவிட்டார்கள். மறு ஆண்டே போட்டியாளரான ஈஸிஜெட் அதை வாங்கிக்கொண்டது. எதிராளிக்குப் பலம் சேர்த்த அந்த முடிவை என்னால் சரியென்று ஏற்க முடியவில்லை.

விதிவிலக்கும் இருக்கிறது. குவாண்டாஸ் 2004-இல் பறக்கவிட்ட ஜெட்ஸ்டார் ஆஸ்திரேலியாவில் இன்றும் பறக்கிறது. அதற்குத் தனி நிர்வாகமும் தனி ஊழியர் ஒப்பந்தங்களும் கிடைத்தன. வணிகப் பயணிகள் மிகுந்த தடங்களில் குவாண்டாஸ் கவனம் செலுத்த, சுற்றுலாத் தடங்கள் பெரும்பாலும் ஜெட்ஸ்டாரிடம் விடப்பட்டன.